இரண்டே இருக்கைகள்

எங்கள் வட்டாரத்தில் யாராவது கார் வாங்கினால், விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது "எத்தனை பேர் உக்காரலாம்?" என்றுதான். கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் பல வருடமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் என்றால் வாசலில் ஒரு மினிவேன் நிற்கும். பாட்டுக் கிளாஸ் பை, யாரோ விட்டுப்போன குடை, சீட்டுக்கு அடியில் உலர்ந்துபோன முறுக்குத் துண்டு எல்லாம் அதற்குள் இருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும், மாமனார் மாமியார் வந்தாலும், பக்கத்துக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு லிவர்மோர் கோயிலுக்குப் போவதென்றாலும் அந்த வண்டி இல்லாமல் ஆகாது. நானும் அப்படி ஒன்றை வருடக்கணக்காக ஓட்டியவள்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் ஒன்று. எட்டுப் பேர் ஏறின வண்டியில் எல்லோரும் எல்லோரோடும் பேசுவார்கள். யாரும் யாரோடும் பேச முடியாது. பின்சீட்டில் பாட்டு வேண்டும், முன்சீட்டில் வழி கேட்க வேண்டும், நடுவில் ஒருவருக்குத் தண்ணீர் பாட்டில் வேண்டும். வீட்டிலும் இதே கதைதான். நம் வீடுகளில் இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேசினாலே மூன்றாவது ஆள் வந்து "என்ன ரகசியம்?" என்று கேட்பார். எனக்குப் பிடித்த இரண்டு பொழுதுபோக்கும், கூரை திறக்கும் காரும் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகும், இரண்டு பேருக்கு மேல் இடமில்லாதவையாக அமைந்தது தற்செயல். அவற்றை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுவேதான்.

மகள் ஹைஸ்கூலில் சேர்ந்த வருடம் ஒரு பழைய மாஸ்டா மியாட்டா வாங்கினேன். 2010 மாடல். துணிக் கூரை, கையால் போடும் கியர், மொத்தமே இரண்டு இருக்கை. விஷயம் ஊருக்குப் போனதும் நாத்தனாரிடமிருந்து போன். "ஏன் அண்ணி, நாலு பேர் போக முடியாத கார் என்ன கார்?" கணவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே கேள்விதான், கேட்கத் தைரியம் இல்லை.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950, 60களில் இங்கிலாந்துக்காரர்கள் சின்னச் சின்னத் திறந்த கார்கள் செய்தார்கள். பார்க்க அழகு, ஓட்டச் சந்தோஷம், ஆனால் எண்ணெய் ஒழுகும், மழையில் கரண்ட் போய்விடும். பிறகு அந்த ரகமே அநேகமாகச் சந்தையை விட்டுப் போனது. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், அப்படி ஒரு காரை நீங்கள் செய்யுங்களேன் என்று சொன்னார். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில் அது வந்து நின்றது. 2016இல் ஹிரோஷிமாவில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பதிவும் இதற்கு உண்டு. இவ்வளவு விற்றதற்குக் காரணம் வேகம் இல்லை. சிவப்பு விளக்கில் பக்கத்தில் நிற்கும் எந்த மின்சாரக் காரும் இதை முந்திவிடும். எடை குறைவு, வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும், எண்ணெய் ஒழுகாது, அவ்வளவுதான்.

என் வண்டியில் கூரையைத் திறக்க மோட்டார் கிடையாது. நடுவில் ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்துக் கையால் பின்னால் தள்ளினால் மடிந்து இருக்கைகளுக்குப் பின்னே படுத்துக்கொள்ளும். சிக்னல் பச்சை ஆவதற்குள் முடிந்துவிடும். இதில் முக்கியமான சங்கதி, மடிந்த கூரை டிக்கிக்குள் போகாது. கூரை திறக்கும் கார்கள் பலவற்றில், கூரையை மடித்தால் டிக்கியில் பாதி போய்விடும். மூட்டையோடு போகிறவர்கள் கூரையை மூடிக்கொண்டு போக வேண்டும். மியாட்டாவில் டிக்கி சின்னதுதான், 150 லிட்டர். ஆனால் கூரை திறந்தாலும் மூடினாலும் அந்த 150 லிட்டர் நம்முடையது.

அந்த 150 லிட்டர்தான் என்னைக் கயாக்கில் கொண்டுபோய் விட்டது.

தண்ணீரில் போக வேண்டும் என்ற ஆசை முன்பே இருந்தது. வாடகைக்கு எடுத்துப் போய்ப் பார்த்ததும் உண்டு. சொந்தமாக ஒன்று என்றால், கெட்டி பிளாஸ்டிக் கயாக் மூன்று, நாலு மீட்டர் நீளம் இருக்கும். காரின் தலையில் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு போக வேண்டும். துணிக் கூரையில் என்னத்தைக் கட்டுவது? எங்கள் டவுன்ஹவுஸ் கராஜில் வைக்கவும் இடமில்லை. அப்புறம்தான் காற்றடைக்கிற கயாக்குகளைத் தேடிப் பார்த்தேன். மடித்தால் ஒரு பெரிய சூட்கேஸ் அளவு, டிக்கிக்குள் அமுக்கி வைத்துவிடலாம். துடுப்புகள் நடுவில் கழன்று துண்டாகிவிடும். பம்பும் லைஃப் ஜாக்கெட்டும் பக்கத்து இருக்கையின் காலடியில். அப்படி இரண்டு இருக்கைக் காருக்குள் இரண்டு இருக்கைப் படகு அடங்கிவிட்டது.

காற்றடைத்த படகு என்றதும் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் மிதக்கவிடும் பொம்மை ஞாபகம் வருகிறவர்கள் உண்டு. என் கணவர் முதலில் அப்படித்தான் நினைத்தார். கையால் அமுக்கிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். தனித்தனியாக மூன்று அறை இருக்கும். ஒன்றில் காற்றுப் போனாலும் மற்றவை தாங்கும். எங்களுடையதில் முதலில் பக்கவாட்டு அறைகள் இரண்டும், கடைசியில் தரை. மேலே இழுத்தாலும் கீழே அமுக்கினாலும் காற்றுத் தள்ளுகிற கைப்பம்பு இருந்தால் பத்து நிமிட வேலை. கடைசியில் அடிப்பக்கம் மீன் செதில் போன்ற ஒரு சின்னத் தகட்டை, ஃபின்னை, செருக வேண்டும். அதை மறந்தால் படகு நேராகப் போகாது. ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் மூக்கு இடதும் வலதும் ஆடிக்கொண்டே இருக்கும்.

கரையில் வெயிலில் நின்று விறைப்பாகக் காற்றடித்து, குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் ஐந்தே நிமிடத்தில் படகு தொய்ந்துவிடும். ஓட்டை எதுவும் இல்லை. உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்குகிறது. மறுபடி நாலு அழுத்து அழுத்தினால் சரி. திரும்பி வந்ததும் இதற்கு நேர்மாறு. விறைப்பாக இருக்கிற படகைக் கரையேற்றி, சூடான தாரில் போட்டுவிட்டுச் சாண்ட்விச் சாப்பிட உட்காரக் கூடாது. காற்று விரிந்து தையல் பிரிந்துவிடும். கரைக்கு வந்தவுடன் வால்வைக் கொஞ்சம் திறந்துவிடுவதுதான் முதல் காரியம்.

நாங்கள் அடிக்கடி போவது மாஸ் லேண்டிங். மாண்டரே வளைகுடாவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். அதன் வாசலிலேயே கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் பழைய மின் நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகள், ஒவ்வொன்றும் 152 மீட்டர். 2025 ஜனவரியில் அந்த வளாகத்தின் பேட்டரிக் கூடம் தீப்பிடித்து எரிந்தது செய்திகளில் வந்தது. அந்தப் புகைபோக்கிகளுக்கு எதிரே உள்ளே வளைந்து போகிற உப்புக் கழிதான் எல்க்ஹார்ன் ஸ்லூ. ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நீளம். கழியில் கடல்நீர்நாய்கள் கூட்டமாக இருக்கின்றன. கலிபோர்னியாவில் அவற்றை இவ்வளவு அருகில், இவ்வளவு அமைதியான தண்ணீரில் பார்க்கிற இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அம்மா பெரியகுளத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தபோது ஒருநாள் மாஸ் லேண்டிங்கிற்கு அவரைக் காரில் கூட்டிப்போனேன். கயாக்கில் ஏறமாட்டார் என்று தெரியும், கேட்கவும் இல்லை. காரில் ஏறுவதே பெரிய பாடு. இந்த வண்டி அவ்வளவு தாழ்வு. முதலில் இடுப்பை உள்ளே வைத்து உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்க வேண்டும். எழுபத்து நாலு வயதில் அதைச் செய்து முடித்துவிட்டு, "இதுக்குப் பாய விரிச்சு உக்காந்திருக்கலாமே" என்றார். ஸ்வெட்டர், சால்வை, அதற்கு மேல் மங்கி குல்லா. கலிபோர்னியாவின் காலை எட்டு மணி வெயிலில், கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் காரில், மங்கி குல்லாவோடு என் அம்மா. நெடுஞ்சாலையில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் கை காட்டிவிட்டுப் போனார்கள். அம்மாவும் பதிலுக்குக் கை காட்டினார்.

கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஹீட்டரும் போடுவது வீண் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இந்தக் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சூட்டைக் காலுக்கு மட்டும் திருப்பிவிட்டால், காற்று தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், கால் கதகதப்பாக இருக்கும். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

மாஸ் லேண்டிங்கிற்கு நான் 17ஆம் எண் சாலையில் போகமாட்டேன். லாரியும் அவசரமும் அதிகம். 101இல் தெற்கே கில்ராய் வரை போய், அங்கிருந்து 152இல் மேற்கே திரும்பி ஹெக்கர் பாஸ் ஏறி வாட்சன்வில்லில் இறங்குவேன். நேரம் கூட ஆகும். ஆனால் திறந்த காரில் போகிறவளுக்கு இந்த வழியை விட்டால் வேறு வழி இல்லை, வாசனைக்காக. கில்ராய் பூண்டு ஊர். 1979இலிருந்து பூண்டுக்குத் திருவிழாவே நடத்திய ஊர். பூண்டு பதப்படுத்துகிற ஆலைகள் ஓடுகிற நாளில் ஊருக்கு முன்னாலேயே வாசனை வந்து மூக்கில் ஏறும். மூடின காரில் போகும்போது அது லேசாகத் தெரிந்து மறைந்துவிடும். எங்களுக்கு முகத்தில் அறைந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு வீட்டுலடி இந்நேரத்துக்கு இம்புட்டுப் பூண்டு வதக்குறாக?"

ஆலை, ஊர், திருவிழா எல்லாம் சொன்னேன். "அப்ப வடுகபட்டிச் சந்தையில்ல இங்க வந்து உக்காந்திருக்கு!" என்றார். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வடுகபட்டியின் பூண்டுச் சந்தை தெரியாதவர் தேனி ஜில்லாவில் கிடையாது. கொடைக்கானல் மலைப்பூண்டு அங்கேதான் வந்து இறங்கும். அதற்குப் பிறகு மலை ஏறும்வரைக்கும் அம்மா பூண்டு ரகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

ஹெக்கர் பாஸில் ரெட்வுட் மரங்கள் சாலையை மூடி நிற்கிற இடத்தில் வெப்பம் சட்டென்று இறங்கும். அதைத் தோலில் உணரலாம். ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் ஈரமண் வாசனையோடு குளிர். வேகம் மணிக்கு அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. திறந்த காரில் பேச்சுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. நூறைத் தாண்டினால் கத்த வேண்டும், அறுபதுக்குக் கீழே சாதாரணமாகப் பேசலாம். அந்த வளைவுகளில்தான் அம்மா எனக்கு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

கல்யாணமான புதிதில் அப்பாவிடம் ஒரு ராஜ்தூத் பைக் இருந்தது. அது எனக்குத் தெரியும், போட்டோவில் பார்த்திருக்கிறேன். அதில் இருவரும் தேவதானப்பட்டி தாண்டி, காட்ரோடு வழியாகக் கொடைக்கானல் போயிருக்கிறார்கள். "உங்க அப்பத்தாகிட்ட, பெரியம்மா வீட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போனோம்." பாதி மலையில் வண்டி சூடாகி நின்றிருக்கிறது. எலிவால் அருவி தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, அது ஆறுகிறவரைக்கும் காத்திருந்திருக்கிறார்கள். "காலையில வச்ச பூவு பூரா காத்துல போயிருச்சு. திரும்ப வரயில கீழ எறங்கி வேற பூவு வாங்கி வச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தேன். இல்லன்னா உங்க அப்பத்தா கண்டுபிடிச்சிருக்கும்."

அப்பா போய் வருடங்கள் ஆகிவிட்டன. எட்டுப் பேர் மினிவேனில் இந்தக் கதை வந்திருக்காது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அங்கே என் கணவர் இருப்பார், மகள் இருப்பாள், அம்மா "மாப்பிள்ளை" முன்னால் இதைச் சொல்லியிருக்க மாட்டார். இன்னொரு காரணமும் உண்டு. காரில் பேசுகிற இருவரும் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைச் சாலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வாட்சன்வில்லில் ஸ்ட்ராபெர்ரி வயல். பிறகு ஹைவே 1இல் ஏறினதும் உப்பும் சேறும் கலந்த வாடை. அம்மா துறைமுகத்தில் பெலிக்கன்களைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியம் ஊர் திரும்பும்போது தூங்கிவிட்டார், குல்லாவோடு.

மகளோடு போவது வேறு. அவளுக்குக் கார் பெரிதாக ஒட்டவில்லை, முடி கலைகிறது என்பாள். கயாக் பிடிக்கும். முன்னால் அவள், பின்னால் நான். முன்னால் இருப்பவர் தாளம் போட வேண்டும், பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டே திசை பார்க்க வேண்டும். தாளம் தப்பினால் இரண்டு துடுப்பும் முட்டிக்கொள்ளும். இரட்டை இருக்கைக் கயாக்குக்கு இங்கே ஆட்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் விவாகரத்துப் படகு. நானும் மகளும் முட்டிக்கொண்டதில்லை. பரதநாட்டியம் படித்தவள், தாளம் பிசகாது.

கழியில் காலையிலேயே இறங்கிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று எழும்பும். காற்றடைத்த கயாக் தண்ணீருக்குள் அமிழாமல் மேலேயே மிதப்பதால், மற்ற படகுகளைவிட இதைக் காற்று அதிகம் தள்ளும். ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதையும், பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தோடு உள்ளே போய், இறக்கத்தோடு திரும்புவதுதான் கணக்கு. ஆனால் இறக்கத்தின்போது ஹைவே 1 பாலத்துக்கு அடியில் நீரோட்டம் வலுக்கும்; அசந்தால் துறைமுகத்தைப் பார்க்க இழுத்துக்கொண்டு போகும். பாலத்தூண்களிலும் பாறைகளிலும் ஒட்டியிருக்கிற சிப்பிகள் கத்திதான், காற்றடைத்த தோலை ஒரு இழுப்பில் கிழித்துவிடும். கலிபோர்னியாவில் படகில் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம்; பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் போட்டே ஆக வேண்டும். எங்கள் படகில் வயது வித்தியாசம் கிடையாது, எல்லோரும் போட்டாக வேண்டும். தண்ணீர் அவ்வளவு குளிர். விழுந்தால் முதலில் திணறுவது மூச்சுதான், நீச்சல் தெரிவது அப்புறம்.

ஒருநாள் மகளோடு போனபோது தண்ணீர் அசைவில்லாமல் இருந்தது. நீர்நாய் ஒன்று மல்லாக்க மிதந்துகொண்டு, வயிற்றின்மேல் சிப்பியை வைத்து இன்னொரு ஓட்டால் அடித்துக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக். கரைவரைக்கும் கேட்கும். நாங்கள் துடுப்பை நிறுத்திவிட்டுத் தள்ளியே மிதந்தோம். ஐந்து கயாக் நீளம், அதாவது 18 மீட்டர், தள்ளி இருக்கச் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போலத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது. முடிதான் கம்பளி, உடம்புச் சூடுதான் அடுப்பு. அந்தச் சூட்டைக் காப்பாற்ற ஒரு நாளைக்குத் தன் எடையில் கால்பங்கு சாப்பிட வேண்டும். நாம் கிட்டே போய் அது ஒருமுறை பயந்து முங்கினால், அது செலவழிக்கிற தெம்புக்கு இன்னும் சில நண்டு தேட வேண்டும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மகள், திரும்பாமலேயே, "அம்மா, எனக்கு அரங்கேற்றம் வேண்டாம்" என்றாள்.

எனக்குத் தெரிந்தது அவள் குடுமியும் சிவப்பு லைஃப் ஜாக்கெட்டின் முதுகும்தான். வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஹாலுக்குப் பேசி வைத்தது, சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை வரவழைக்கப் பேசினது, புடவை, அழைப்பிதழ், டீச்சருக்கு யார் சொல்வது, பாட்டி என்ன நினைப்பார், எல்லாம் ஒரே மூச்சில் வந்திருக்கும். அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பாள். படகில் கதவும் இல்லை, மாடியும் இல்லை. நான் கத்தினால் நீர்நாய் ஓடிவிடும்.

"டான்ஸ் பிடிக்கலையா?"

"டான்ஸ் பிடிக்கும்மா. அரங்கேற்றம்தான் பிடிக்கல."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. அவள் துடுப்பை எடுத்தாள், நானும் எடுத்தேன். உள்கழியில் சேற்றுத்திட்டு மேல் சீல்கள் படுத்துக் கிடந்தன. திரும்பி வருகிற வழியில்தான் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்று மணி நேரம் ஆயிரம் பேர் தன்னையே பார்ப்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது என்றாள். குழுவாக ஆடப் பிடிக்கும் என்றாள். அரங்கேற்றம் நடக்கவில்லை. அதைச் சொன்ன வகையில் டீச்சருக்கு எங்கள்மேல் வருத்தம்தான். எனக்கும் முழுதாகச் சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் இப்போதும் கிளாஸுக்குப் போகிறாள்.

நீர்நாய் விஷயத்தில் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. எல்க்ஹார்ன் ஸ்லூவில் கரைச் சேறு அரித்து அரித்து விழுந்துகொண்டிருந்தது. சின்ன நண்டுகள் கரையில் வளை தோண்டி, செடிகளின் வேரைத் தின்று, மண்ணை இளக்கி வைத்திருந்தன. நீர்நாய்கள் இந்தக் கழிக்குத் திரும்பி வந்து நண்டுகளைத் தின்னத் தொடங்கிய இடங்களில் அரிப்பு கணிசமாகக் குறைந்தது என்று 2024இல் நேச்சர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. சாப்பிடுவதைத் தவிர அவை வேறு எதுவும் செய்யவில்லை. அதைப் படித்த பிறகு 18 மீட்டர் தூரத்தை நான் இன்னும் கறாராகப் பார்க்கிறேன். கிட்டே போகிற வாடகைப் படகுக்காரர்களைச் சத்தம் போட்டும் இருக்கிறேன்.

இனிக் கணவர். அவரோடு கயாக்கில் போனால் அந்தச் செல்லப்பெயருக்கு அர்த்தம் புரியும். கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், எனவே அவர் பின்னால். ஆபீஸில் பத்துப் பேருக்கு வேலை சொல்லிப் பழக்கம். "இடது, இடது, அய்யோ உன் இடது." முன்னால் இருப்பவர்தான் தாளம் போடுவார் என்பது அவருக்கு இன்னும் ஒப்பவில்லை. துடுப்புகள் முட்டிக்கொண்டே இருக்கும். நாங்கள் வந்தால் சீல்களே இடம் மாறிப் போகும்.

அவரோடு எனக்குப் பொருந்துவது கார்தான். ஓட்டுவது நான் என்பதால், அவருக்குச் செய்ய வேலை எதுவும் கிடையாது. மாஸ் லேண்டிங்கிலிருந்து இன்னும் தெற்கே, மாண்டரே, கார்மல் தாண்டிப் பிக் ஸர் பக்கம் போவோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பசிபிக். அந்தச் சாலை அடிக்கடி மூடிக்கிடக்கும். 2017இல் மட் க்ரீக்கில் மலையே சரிந்து கடலுக்குள் போனபோது திறக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எனவே கிளம்புவதற்கு முன்னால் சாலை நிலவரத்தைப் பார்ப்பது கட்டாயம். பிக்ஸ்பி பாலம் வரைக்கும் போனாலே போதும் என்பது என் கட்சி. 1932இல் கட்டி முடித்த ஒற்றை வளைவுக் கான்கிரீட் பாலம், 218 மீட்டர் நீளம். எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு அந்த இடத்தில் வேறொரு காரணம். நீர்நாய்களை முடிக்காக வேட்டையாடி வேட்டையாடி, கலிபோர்னியாவில் அந்த இனமே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டியிருந்தார்கள். அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற பிக்ஸ்பி ஓடை கடலில் சேரும் இடத்தில், 1938இல் ஐம்பது நீர்நாய்கள் போலக் கூட்டமாக மிதப்பது தெரியவந்தது. இன்று இந்தக் கடற்கரையில் இருக்கிற சுமார் மூவாயிரமும் அப்படித் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள். நாங்கள் கயாக்கிலிருந்து பார்த்த, சிப்பி உடைத்துக்கொண்டிருந்த அந்த நீர்நாயும் அதில் ஒன்று. முதல்முறை இதைச் சொன்னபோது கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கீழே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அந்த ஐம்பதும் யாருக்கும் தெரியாம எப்படி இருந்தது?" என்று கேட்டார். திரும்புகிற வழியெல்லாம் அதே பேச்சு. வேலை, வீட்டுக் கடன், மகளின் காலேஜ் எதுவும் வரவில்லை. எங்களுக்குள் அது எவ்வளவு அபூர்வம் என்று கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்களைக் கேட்டால் தெரியும்.

தனியாகப் போவதும் உண்டு. வேலை முடிந்த சாயங்காலம் ஸ்கைலைன் சாலையில் ஏறி, மூடுபனி மலையின் மேற்குப் பக்கம் ஏறிவருவதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். அப்போது பக்கத்து இருக்கையில் என் கைப்பை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாக இருக்கும், அவ்வளவுதான். வெயிலில் கறுத்துப்போய்விட்டேன் என்று அம்மா வீடியோ காலில் ஒவ்வொரு தடவையும் சொல்வார். சன்ஸ்கிரீனை மதியம் மறுபடி பூச வேண்டும், முக்கியமாகக் காது நுனியில்; கூரை இல்லாத காரில் முதலில் எரிவது அதுதான்.

காற்றடைத்த கயாக்கில் எல்லோரும் அலுத்துக்கொள்வது காய வைக்கிற வேலையை. உப்புத் தண்ணீரில் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, மடிப்புக்குள் ஈரம் இல்லாமல் துடைத்து, காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும். ஏரிகளுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்கச் சிப்பி என்கிற அந்நியச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, பல நீர்த்தேக்கங்களில் கெடுபிடி கூடிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் ஒரு சொட்டுத் தண்ணீரில்கூடப் பயணம் போகும். ஹாலிஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சான் ஹூஸ்டோ நீர்த்தேக்கத்தை இன்னொரு வகைச் சிப்பிக்காக 2008இல் மூடினார்கள். எனவே படகை எங்கே இறக்கினாலும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் இந்த வேலை கணவருடையது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கராஜில் மறுபடி காற்றடித்து நிறுத்தி, பழைய துண்டால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, ஃபேனைப் போட்டுவிடுவார். பிறகு வால்வு மூடிக்குள் மணல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.